அடுப்படியும் ஓர் ஆய்வுக்கூடமே!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் மாணவன்)

மீன் சமைப்பதைப் பற்றி எழுதவா ஆண்டு மலர் என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். சிரித்து முடித்தபின் ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்லட்டும். இன்று காலை நீங்கள் உண்டு வந்த உணவைச் சமைத்தவர் யார்?

நான் வல்லக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவன். எங்கள் ஒரகடம் கூட்டுச் சாலையில் காலை வேளையில் நின்று பாருங்கள். ஆலைப் பேருந்துகள் வரிசையாக வரும். இரவுப் பணி முடித்த பெண்கள் தூக்கம் சுமந்த கண்களோடு இறங்குவார்கள். அவர்களுள் ஒருத்தி என் அக்கா. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, கைப்பேசிக்கு உதிரிப்பொருள் செய்யும் ஆலை ஒன்றில் சேர்ந்தாள். அவள் நிறுத்தியதால்தான் நான் தொடர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்று என்னைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தவள் அவள்.

அம்மா ஓர் ஆலையின் கேண்டீனில் பாத்திரம் துலக்கக் காலை ஐந்தரைக்கே புறப்பட்டுவிடுவார். இரவெல்லாம் உழைத்த அக்கா ஏழு மணிக்கு வந்து, முகம் கழுவிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போவாள். நான் என்ன செய்தேன்? புத்தகமும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். "இன்னும் ஆகலையா?" என்று குரல் கொடுத்ததும் உண்டு. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பெண்கள் இரவில் ஆலையில் பணிபுரியக் கூடாது என்றது 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். அந்தத் தடை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆலைக் கதவு இரவிலும் பெண்ணுக்குத் திறந்தது. ஆனால் அடுப்படிக் கதவு ஆணுக்குத் திறந்ததா? 2019 ஆம் ஆண்டு இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கைப் பாருங்கள். ஊதியமில்லா வீட்டு வேலையில் கைவைக்கும் பெண்கள் 100-க்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். அப்படிக் கைவைக்கும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் உழைக்கிறாள். ஆணோ 97 நிமிடம். அந்த 26 பேரிலும் நான் இல்லை.

இனி என் மீன் கதைக்கு வருகிறேன். ஓர் ஆயுத பூசைக்கு அக்காவின் ஆலையில் சிறிய மின்சார ஓவன் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அது எங்கள் வீட்டில் பீரோ மேல் ஏறி, பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு, ரேஷன் அட்டைக்கும் கரண்டு அட்டைக்கும் காவல் காத்தது. ஓவன் பணக்காரர் பொருள் என்ற எண்ணம் எங்களுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கினேன். ஏரி மீன் விற்கும் அம்மாவிடம் ஜிலேபி மீன் இரண்டு வாங்கினேன். ஆப்பிரிக்காவில் பிறந்து, 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் இது. இன்று அதை அயல் மீன் என்று யார் சொல்கிறார்கள்? அது நம் ஏரியில் கலந்துவிட்டது போல ஓவனும் நம் அடுப்படியில் கலக்கட்டுமே என்று எண்ணினேன்.

முதல் முயற்சி படுதோல்வி. வேகாமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் நாற்பது நிமிடம் விட்டுவிட்டேன். வெளியே எடுத்தபோது தேங்காய் நாராக இருந்தது. "பல்லு இருக்கறவங்களுக்கே இது கஷ்டம்டா" என்றார் ஆயா. தோல்விக்குக் காரணம் என் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. ஆட்டுக்கறித் தசையைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்னும் புரதம் கரைய நெடுநேரம் வேண்டும். மீன் தசையில் அது குறைவு. குறைந்த வெப்பத்திலேயே இளகிவிடும். மீனின் உட்புறம் 63 டிகிரி செல்சியஸை எட்டினால் வெந்துவிட்டது என்று கொள்ளலாம். அதற்கு மேலும் சூடேற்றிக்கொண்டே போனால் தசைப் புரதங்கள் இறுகி, உள்ளிருக்கும் நீரைத் துணி பிழிவது போலப் பிழிந்து தள்ளிவிடும். மென்மை போய்விடும்.

மறு வாரம் ஆயாவே வழிகாட்டினார். "இலையில சுத்தித் தணல்ல போட்டா மெத்துனு இருக்கும். அந்தக் காலத்துல அப்படித்தான் சுடுவோம்" என்றார். கல்லுப்பும் புளியும் போட்டு உரசிக் கழுவச் சொன்னதும் அவர்தான். ஏரி மீனின் சேற்று வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்னும் பொருள். அமிலம் பட்டால் அது சிதையும். வேதியியல் படிக்காத ஆயாவுக்கு இது எப்படித் தெரிந்தது? பல தலைமுறைப் பெண்கள் தம் அடுப்படியில் கண்டறிந்த முடிவு அல்லவா அது!

மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, நசுக்கிய பூண்டு, சின்ன வெங்காயம், புளிக்கரைசல், இரண்டு கரண்டி நல்லெண்ணெய் இவற்றைக் கலந்து, கீறிய மீனில் தடவினேன். அரை மணி ஊறியதும் வாட்டிய வாழையிலையில் பொதிந்தேன். ஓவனைப் பத்து நிமிடம் முன்னதாகவே சூடாக்கி, 200 டிகிரியில் இருபது நிமிடம் வைத்தேன். நடுமுள்ளருகே கத்தி முனையால் விலக்கிப் பார்த்தால், கண்ணாடி போலிருந்த சதை வெண்மையாகி, இதழ் இதழாகப் பிரிந்தது. இலைக்குள் அடைபட்ட ஆவி ஈரத்தைக் காத்திருந்தது.

அன்று காலை இரவுப் பணி முடிந்து வந்த அக்காவை அடுப்படிக்குள் விடவில்லை, படுக்கச் சொல்லிவிட்டேன். பகல் ஒரு மணிக்கு எழுந்தாள். சோறும் ரசமும் இலை மீனும் காத்திருந்தன. பேசாமல் உண்டாள். கடைசியில், "உப்புதான் கொஞ்சம் கம்மி. வர்ற வாரமும் நீயே செய்டா" என்றாள். எந்தத் தேர்வு முடிவும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி தந்ததில்லை.

"ஓவன் கரண்டைக் குடிக்குமே!" என்பார் சிலர். கணக்குப் போடுவோம். 1,500 வாட் ஓவன் அரை மணி நேரம் இடைவிடாது எரிந்தாலும் முக்கால் யூனிட்தான். "ஓவன் இல்லாதவர் என்ன செய்வது?" என்பார் வேறு சிலர். தோசைக் கல்லில் இலைப் பொதியை வைத்து மூடிவிடுங்கள், அதுவும் வேகும். ஓவன் எனக்கு ஒரு சாக்குத்தான். உண்மையைச் சொன்னால், ஓவனில் வைப்பது மிக எளிய வேலை. செதில் சீவுவதும், குடல் எடுப்பதும், கவிச்சி போகப் பாத்திரம் துலக்குவதும் அல்லவா வேலை? அவற்றையும் செய்தபின்தான் சமைத்தேன் என்று சொல்லும் உரிமை நமக்கு வரும். வாரம் ஒரு மீனால் அக்காவின் கடன் தீர்ந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். இப்போது காலைச் சிற்றுண்டியும் என் பொறுப்பு. என் தோசை இன்னும் வட்டமாக வருவதில்லை.

2021 டிசம்பரில், பூந்தமல்லிப் பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்த பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் உணவு நஞ்சாகி மருத்துவமனையில் சேர்ந்தனர். உடன் பணிபுரிந்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். உலகத்துக்கே கைப்பேசி செய்து தரும் கைகளுக்கு நல்ல சோறு போடுவது விடுதி நடத்துவோரின் கடமை என்று அன்று நாடே பேசியது. சரிதான். அதே கைகள் வீடு திரும்பும்போது அந்தக் கடமை யாருடையது?

நண்பர்களே, பிப்பெட்டில் ஒரு சொட்டுப் பிசகாமல் அளக்கும் நமக்கு உப்பின் அளவு தெரியாமல் போகுமா? தராசில் மில்லிகிராம் பார்க்கும் நமக்கு உலை நீர் பார்க்கத் தெரியாதா? தெரியவில்லை என்று நாம் சொல்வது அறியாமையால் அன்று, வசதியால்.

பட்டம் பெறப் போகிறோம். அதற்கு முன் ஒரு செய்முறைத் தேர்வு நம் வீட்டிலேயே காத்திருக்கிறது. வரும் ஞாயிறு மீன் ஆய நாமே உட்காருவோமா?