வீட்டைப் பார்க்கும் முன் தெருவைப் பாருங்கள்

மாற்றலாகி பிள்ளைகளோடு சென்னைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது இரண்டுதான். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு? தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று யாரும் கேட்பதில்லை!

2015 டிசம்பர் மழையில் முடிச்சூர், வேளச்சேரி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைத் தெருக்கள் மறுபடியும் மூழ்கின. பள்ளிக்கரணை சதுப்பு நிலம். தண்ணீர் தன் இடத்துக்குத்தான் வந்தது.

ஏப்ரல், மே மாதத்தில் வீடு பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்? புரோக்கர் சொல்லப்போவதும் இல்லை. தெருமுனையில் இஸ்திரி போடுபவரைக் கேளுங்கள். எந்த வருடம் எத்தனை படி வரை தண்ணீர் ஏறியது என்று அவர் சொல்வார்.

வாடகையில் மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கலாம்தான். ஆனால் ஒரே ராத்திரியில் கட்டில், பிரிட்ஜ், பிள்ளைகளின் பாடப்புத்தகம் எல்லாம் நனைந்தால் அந்த மிச்சம் எங்கே போகும்? மேடான தெருவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் வாடகை செலவல்ல, காப்பீடு.