காதொலிக் கருவி கிடைக்கிறது. பொருத்தித் தருவோர் எங்கே?

புதுதில்லி: காதொலிக் கருவியால் பயன்பெறக்கூடியோரில் உலக அளவில் சுமார் 17 சதவீதம் பேரே அதனைப் பயன்படுத்துவதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. இந்தியாவில் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 50 லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் செவித்திறன் குறைபாடு உடையோராகப் பதிவு செய்தது. காது கேளாமைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் முன்வைக்கும் மதிப்பீடோ சுமார் 6.3 கோடி. இவற்றுள் எதனை ஏற்றுக்கொண்டாலும், இத்துறையில் வேலைக்குப் பஞ்சமில்லை. அந்த வேலை நிலையான பணியிடமாக மாறுகிறதா என்பதுதான் கேள்வி.

இத்துறைக்கு வர இரு வழிகள் உள்ளன. முதலாவது, செவித்திறன் மற்றும் பேச்சு மொழி நோயியல் இளநிலைப் பட்டம். ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியையும் சேர்த்து நான்கு ஆண்டுகள். மைசூருவில் 1965இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனமும், மும்பையில் 1983இல் அமைந்த அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும் இப்பட்டத்தை வழங்கும் முன்னணி அரசு நிறுவனங்கள். இரண்டாவது, கருவிகளைப் பழுதுபார்ப்பதற்கும் காது அச்சு தயாரிப்பதற்குமான ஓராண்டுப் பட்டயப் படிப்பு. பிளஸ் 2 முடித்தவர்கள் இதில் சேரலாம் என்ற போதிலும், பட்டப்படிப்பைப் போல இது பரவலாக அறியப்படவில்லை.

பட்டயம் பெற்றவரின் பணி எளிதானதன்று. நோயாளியின் காதுக்குள் மென்பசையைச் செலுத்தி, அது இறுகியபின் எடுத்து, அந்த வடிவத்துக்கேற்ப அச்சு செய்யவேண்டும். அச்சு சற்றே தளர்ந்தாலும் ஒலி வெளியே கசிந்து, மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து, கருவி விசிலடிக்கும். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி கூட்டப்படவேண்டும் என்பதைச் செவித்திறன் வல்லுநர் பரிசோதனையின் அடிப்படையில் கணினி வழியே அமைக்கிறார். பல ஆண்டுகள் மெல்லிய ஒலிகளைக் கேளாதிருந்த முதியவருக்கு, பாத்திரம் உரசும் ஓசைகூட முதல் வாரத்தில் தாங்க முடியாததாகத் தோன்றும். மீண்டும் வரவழைத்து அளவைத் திருத்த ஆளில்லாவிட்டால், கருவி மேசை இழுப்பறைக்குப் போய்விடும்.

சட்டம் இதனை அறியாமலில்லை. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் மறுவாழ்வுத் தொழில்முறையாளர்களைப் பட்டியலிடும்போது, செவித்திறன் வல்லுநர்களையும் காதொலிக் கருவி, காது அச்சுத் தொழில்நுட்பர்களையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. பதிவு பெறாதவர் இத்தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சாதாரண டிஜிட்டல் கருவி ஒன்றின் விலையே இந்த அபராதத்தைப் போலப் பன்மடங்கு. மேலும், கவுன்சிலால் அதிகாரம் அளிக்கப்பட்டவர் எழுத்துபூர்வமாகப் புகார் அளித்தால் மட்டுமே நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள இயலும். நான்காண்டு படித்தவரும், கண்ணாடிப் பேழையில் கருவியை அடுக்கி விற்பவரும் ஒரே தெருவில் போட்டியிட நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

அரசுத் துறையிலும் நிலைமை முழுநிறைவாக இல்லை. 2006-07இல் முன்னோடி முயற்சியாகத் தொடங்கிய தேசியத் திட்டம், மாவட்ட மருத்துவமனைகளில் செவித்திறன் உதவியாளர், செவித்திறன் குறைந்த சிறார்களுக்கான பயிற்றுநர் ஆகிய பணியிடங்களை ஏற்படுத்தியது. அவை ஒப்பந்த அடிப்படையிலானவை. 1981 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தின் கீழ் முகாம்களில் கருவிகள் வழங்கப்படுகின்றன. வழங்கிய கருவிகளை எண்ணுவது எளிது. ஆறு மாதங்களுக்குப் பின் அவற்றுள் எத்தனை காதில் இருக்கின்றன என்று எண்ணுவதற்கு ஊழியர் தேவை.

தனியார் துறையில் வேலை விரைவாகக் கிடைக்கிறது. ஆனால் ஊதியம் பல இடங்களில் விற்பனை இலக்கோடு பிணைந்துள்ளது. பரிசோதனைக்கும் பொருத்துதலுக்கும் தனிக் கட்டணம் பெறாமல் கருவியின் விலையிலேயே சேர்த்துவிடும் வழக்கம், வல்லுநரை விற்பனையாளராக்கிவிடுகிறது.

இந்த வழக்கத்துக்குத்தான் இப்போது சோதனை வந்துள்ளது. லேசானது முதல் மிதமானது வரையிலான குறைபாடு உள்ள பெரியவர்கள் பரிசோதனையோ பரிந்துரையோ இன்றிக் கடைகளில் கருவி வாங்க 2022 அக்டோபர் முதல் அமெரிக்காவில் அனுமதி உண்டு. 2024 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் காதணி ஒலிபெருக்கியைக் காதொலிக் கருவியாகப் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் அந்நாடு ஒப்புதல் அளித்தது. இந்தியாவிலும் இணையவழியில் ஒலிபெருக்கிக் கருவிகள் தாராளமாக விற்கப்படுகின்றன. விற்பனையை மட்டுமே நம்பியவர்களுக்கு இது இழப்பாகலாம்.

குழந்தைகளின் விஷயம் வேறு. பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் நோயறிதல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பது பன்னாட்டளவில் ஏற்கப்பட்ட வரையறை. கைக்குழந்தைக்கு எந்தச் செயலியும் கருவி பொருத்த இயலாது. மத்திய அரசுத் திட்டத்திலும், தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். கருவியைச் சீரமைப்பதும் கேட்கப் பயிற்றுவிப்பதும் மாதக்கணக்கில் தொடரும். அடுத்த சில ஆண்டுகளில் பணியிடங்கள் பெருகவேண்டுமானால், அதற்கான வலுவான காரணம் இங்கேதான் உள்ளது.

படிப்பில் சேர விரும்புவோர், கல்லூரிக்கும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கும் மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் உள்ளதா என்பதைக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அங்கீகாரமில்லாத சான்றிதழைக் கொண்டு மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் சேர்க்க முடியாது.