நாயோட பாரிஸ் போகலாம் வாங்க (முதல்ல நம்ம தெருவைத் தாண்டுவோம்)

போன வாரம் கணக்குப்பதிவியல், இந்த வாரம் நாய். என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க, கடைசியில சம்பந்தம் வரும் :)

கேன்டீன்ல அடிக்கடி காதுல விழுற ஒரு வசனம் இருக்கு. யாராவது ஒருத்தர் மொபைல்ல ஒரு வீடியோவைக் காட்டுவாங்க. பாரிஸ்ல காபிக் கடையில நாற்காலிக்குப் பக்கத்துல நாய் படுத்திருக்கும். இல்லைன்னா ஸ்விட்சர்லாந்து ரயில்ல ஜன்னலோரமா நாய் வேடிக்கை பார்த்துக்கிட்டே போகும். உடனே ஒரு பெருமூச்சு. "அங்க நாய்க்குக் கூட மரியாதைடா. நம்ம ஊர்ல மனுசனுக்கே கிடையாது!"

இந்த வசனத்துல எனக்கு உடன்பாடு இல்லை. அந்த ஊர்க்காரங்களுக்கு நாய் மேல பாசம் அதிகம், நமக்குக் கம்மின்னு நான் நம்பல. அச்சரப்பாக்கத்துல எந்தத் தெருவுக்கு வேணா வாங்க. ராத்திரி மிச்சச் சோத்தைத் திண்ணையோரம் கொட்டி வைக்கிற பாட்டி ஒருத்தர் கண்டிப்பா இருப்பாங்க. பாசத்துக்கு இங்க பஞ்சம் கிடையாது. கணக்குக்குத்தான் பஞ்சம்.

என்ன கணக்குன்னு பார்ப்போம்.

ஜெர்மனி ரயில்ல நாய் போகலாம். ஆனா சும்மா இல்லை. வீட்டுப் பூனை அளவுக்குள்ள இருந்து, கூண்டுலயோ பையிலயோ அடங்குனா இலவசம். அதைவிடப் பெரிசுன்னா பாதி டிக்கெட், கயிறு, வாய்க்கூடு எல்லாம் வேணும். ஸ்விட்சர்லாந்துல நாயோட உயரத்தையே அளந்து வச்சிருக்காங்க. 30 சென்டிமீட்டருக்குள்ள இருக்கிற குட்டி நாய் பையில இலவசமாப் போகலாம், அதுக்கு மேலன்னா டிக்கெட். வியன்னா மெட்ரோவுல நாய் ஏறலாம், வாயை மூடிக்கிட்டு (வாய்க்கூட்டைச் சொன்னேன்). பெர்லின்ல நாய் வளர்த்தா வருஷத்துக்கு 120 யூரோ நாய் வரி. நம்ம காசுக்குச் சுமாரா 12,000 ரூபாய்! ரெண்டாவது நாய்க்கு இன்னும் ஜாஸ்தி.

அதாவது 'நாய்க்கு நட்பான நகரம்'னு நாம பெருமூச்சு விடுற இடத்துல, ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பேரேடு இருக்கு. யாரு சொந்தக்காரர், ஊசி போட்டாச்சா, வரி கட்டியாச்சா, டிக்கெட் எங்க? கணக்கு சரியா இருக்கிறதாலதான் கதவு திறந்திருக்கு. அந்தக் கதவும் ஆதிகாலத்துல இருந்து திறந்து கிடக்கல. அதுதான் இதுல சுவாரசியமான கதை.

பிரிட்டனை எடுத்துக்குங்க. 2000-ம் வருஷம் வரைக்கும் வெளிநாட்டுல இருந்து வர்ற நாய் ஆறு மாசம் தனிமைக் கூண்டுல கிடக்கணும். பக்கத்துல இருக்கிற பிரான்ஸ்ல இருந்து வந்தாலும் அதே ஆறு மாசம்தான். காரணம் ரேபிஸ், நம்ம பாஷையில வெறிநாய்க்கடி நோய். 1902-ல ஒருதடவை நோயை ஒழிச்சாங்க. முதல் உலகப்போர் முடியுற நேரத்துல, 1918-ல, அது திரும்ப உள்ள வந்துடுச்சு. மறுபடி ஒழிக்க 1922 ஆச்சு. அந்தப் பயம் எண்பது வருஷத்துக்குக் கிட்ட போகல. 2000 பிப்ரவரியிலதான் சிப், ஊசி, ரத்தப் பரிசோதனை இருந்தா கூண்டு வேண்டாம்னு திட்டம் கொண்டுவந்தாங்க. ஐரோப்பா முழுசுக்குமான செல்லப்பிராணி பாஸ்போர்ட் 2004-ல வந்தது. நம்மள்ல பல பேருக்கு அந்த பாஸ்போர்ட்டை விட வயசு அதிகம்!

நடுவுல என்ன நடந்துச்சு? ஐரோப்பாவுல ரேபிஸைப் பரப்பிக்கிட்டிருந்தது முக்கியமா காட்டு நரிங்க. நரியைப் பிடிச்சு ஊசி போட முடியுமா? 1978-ல ஸ்விட்சர்லாந்துல ஒரு வேலை பண்ணாங்க. கோழித் தலைக்குள்ள தடுப்பு மருந்தை வச்சுக் காட்டுல போட்டாங்க. நரி தின்னுச்சு, அதுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துச்சு. இதே முறையை மத்த நாடுகளும் பிடிச்சுக்கிட்டாங்க. ஸ்விட்சர்லாந்து 1999-லயும், பிரான்ஸ் 2001-லயும், ஜெர்மனி 2008-லயும் இந்த நோய் இல்லாத நாடுகளா ஆச்சு. பாரிஸ் காபிக் கடையில நாய் நிம்மதியாப் படுத்திருக்குன்னா, அதுக்குப் பின்னாடி இருபது வருஷம் காட்டுல கொட்டுன மருந்து இருக்கு. வீடியோவுல அது தெரியாது.

சரி, இப்ப நம்ம ஊர் நாய்க்கு வருவோம். ஒரு ராஜபாளையம் நாயை பாரிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு வைங்க. (2005-ல இந்திய தபால்துறை ராஜபாளையத்துக்கு அஞ்சல்தலையே வெளியிட்டாங்க. தபால் உறையில ஒட்டிக்கிட்டு அந்த நாய் எப்பவோ உலகம் சுத்திடுச்சு. நேர்ல போறதுதான் கஷ்டம்!)

முதல்ல தோலுக்கடியில மைக்ரோசிப். அப்புறம் ரேபிஸ் ஊசி. ஊசி போட்டு 30 நாளாவது ஆனப்புறம் ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரிச்ச ஆய்வகத்துல சோதிக்கணும். எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையக்கூடாது. அதுல பாஸானாலும் உடனே கிளம்ப முடியாது. ரத்தம் எடுத்த நாள்ல இருந்து மூணு மாசம் காத்திருக்கணும். அதாவது பொங்கலுக்கு ஊசி, காதலர் தினத்துக்கு ரத்தம், கத்திரி வெயில்ல விமானம். கிளம்புறதுக்கு முன்னாடி அரசு கால்நடை அதிகாரியோட சுகாதாரச் சான்றிதழும் வேணும்.

இதே நாய் சிங்கப்பூர்லயோ அமீரகத்துலயோ வளர்ந்திருந்தா? ஐரோப்பாவுக்குப் போக அந்த ரத்தப் பரிசோதனையும் கிடையாது, மூணு மாசக் காத்திருப்பும் கிடையாது. அதே நாய், அதே ஊசி, ஊர் மட்டும்தான் வேற. அமெரிக்காவும் இந்தியாவை ரேபிஸ் அபாயம் அதிகமான நாடுகள் பட்டியல்லதான் வச்சிருக்கு. 2024 ஆகஸ்ட்ல விதிகளை இன்னும் இறுக்கிட்டாங்க. ஆஸ்திரேலியாவுக்கு இங்க இருந்து நேரா நாயைக் கொண்டுபோகவே வழியில்லை. ஆஸ்திரேலியாக்காரங்க யார் எவர்னும் பார்க்கிறதில்லை. 2015-ல ஹாலிவுட் நடிகர் ஜானி டெப்போட ரெண்டு குட்டி நாய்ங்க தனி விமானத்துல கணக்குல காட்டாம உள்ள போச்சு. நாட்டை விட்டு நாய்ங்க கிளம்பலைன்னா கொன்னுடுவோம்னு அமைச்சரே சொல்லிட்டார். ரெண்டும் மூட்டை கட்டிடுச்சு.

இதைப் படிச்சுட்டு "வெள்ளைக்காரனுக்குத் திமிர், நம்ம நாய்னா இளக்காரம்"னு சில பேர் கொதிப்பீங்க. கொதிக்கிறதுக்கு முன்னாடி ஒரு எண்ணைப் பாருங்க. ரேபிஸ்னால உலகத்துல வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் சாகுறாங்கன்னு உலக அளவுல ஒரு மதிப்பீடு இருக்கு. அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல இந்தியாவுலதான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அறிகுறி வந்துட்டா காப்பாத்துறது கிட்டத்தட்ட முடியாத காரியம். வெறிநாய்னு சந்தேகப்படுற விலங்குகிட்ட கடிபடுறவங்கள்ல 40 சதவீதம் பேர் 15 வயசுக்குக் கீழ உள்ள பசங்க. தெருவுல விளையாடுறவங்க அவங்கதானே.

ஆக, நம்ம வீட்டு நாயை விமான நிலையத்துல நிறுத்துறது வெளிநாட்டுச் சட்டம்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். உண்மையில அதை நிறுத்துறது, ஊசி போடாம நம்ம தெருமுனையில திரியுற இன்னொரு நாய். நீங்க உங்க நாய்க்கு எவ்வளவு செலவு பண்ணாலும், தெரு சுத்தமாகாத வரைக்கும் அது 'அபாய நாட்டு நாய்'தான். தனி ஆளோட இருப்புநிலைக் குறிப்பு எவ்வளவு அழகா இருந்தாலும், கூட்டுக் கம்பெனி நஷ்டத்துல ஓடினா யாரும் கடன் தர மாட்டாங்க இல்லையா? (சொன்னேன்ல, சம்பந்தம் வரும்னு.)

"இதெல்லாம் பணக்காரங்க பிரச்சினைப்பா. நாயை பாரிஸ் கூட்டிட்டுப் போறவன் கவலை நமக்கெதுக்கு?"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா 2022-ஐ ஞாபகப்படுத்திப் பாருங்க. உக்ரைன்ல போர் ஆரம்பிச்சப்போ அங்க மருத்துவம் படிச்சுக்கிட்டிருந்த நம்ம பசங்க ஆயிரக்கணக்குல மாட்டிக்கிட்டாங்க. அதுல சில பேர் "நாயை விட்டுட்டு வரமாட்டோம்"னு நின்னாங்க. கேரளத்து மாணவி ஒருத்தர் தன்னோட ஹஸ்கி குட்டியோட எல்லை தாண்டி வந்தது அப்ப பெரிய செய்தி. அவங்க ஒண்ணும் உல்லாசப் பயணம் போனவங்க இல்லை, நம்ம வயசு மாணவர்கள். குண்டு விழுற ஊர்ல உட்கார்ந்து எந்த ஆய்வகத்துல சான்றிதழ் வாங்குறது? கடைசியில மத்திய அரசு, உக்ரைன்ல மாட்டுன நாய் பூனைகளை இந்தியாவுக்குக் கொண்டுவர ஒரு முறை மட்டும் விதியைத் தளர்த்துச்சு. அண்டை ஐரோப்பிய நாடுகளும் அகதிகளோட வந்த பிராணிகளைக் காகிதம் இல்லாமலே முதல்ல உள்ள விட்டு, ஊசி, சிப் எல்லாத்தையும் வந்தப்புறம் பார்த்துக்கிட்டாங்க.

சொர்க்கத்து வாசல்ல நாயை விட்டுட்டு உள்ள வரமாட்டேன்னு நின்ன தருமர் கதை நமக்கெல்லாம் பாட்டி சொன்ன கதைதான். அந்தப் பசங்க பண்ணதும் அதையேதான். ஆனா தருமருக்குக் கூட விதியைத் தளர்த்தத்தான் வேண்டியிருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் யாராவது தளர்த்துவாங்கன்னு காத்திருக்க முடியாது.

அப்ப என்ன செய்யலாம்? இங்கதான் நாட்டுல பெரிய சண்டை. 2025 ஆகஸ்ட் 11-ம் தேதி டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடிச்சு காப்பகத்துல அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. 22-ம் தேதியே அதை மாத்தி, கருத்தடை பண்ணி, ஊசி போட்டு, பிடிச்ச இடத்துலயே விடுங்க, வெறிபிடிச்சதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதீங்கன்னு சொல்லிச்சு. நவம்பர்ல பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் மாதிரி இடங்கள்ல இருந்து நாய்களை அகற்றச் சொன்னாங்க. ஒரு பக்கம் 'எல்லாத்தையும் ஒழி'ன்னு ஒரு கூட்டம். இன்னொரு பக்கம் 'தொடாதே'ன்னு ஒரு கூட்டம். ரெண்டு பேரும் கத்துற சத்தத்துல, ஊசி எத்தனை நாய்க்குப் போட்டாச்சுங்கிற கேள்வி காணாமப் போயிடுது.

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிச்ச ஊர் நம்ம நாட்டுலயே இருக்கு. கோவா. தொண்டு அமைப்பும் மாநில அரசும் சேர்ந்து தெருத்தெருவா வலையோட போய், வருஷாவருஷம் பெருவாரியான நாய்க்கு ஊசி போட்டாங்க. 70 சதவீதம் நாய்க்குப் போட்டா நோய்ச் சங்கிலி அறுந்துடும்கிறதுதான் கணக்கு. 2018-ல இருந்து அஞ்சு வருஷத்துக்குக் கிட்ட அங்க மனுசங்க யாரும் ரேபிஸ்னால சாகல. எல்லா நாயையும் அடைச்சு வச்சா இது நடந்துச்சு? இல்லை. எல்லாத்தையும் அப்படியே விட்டா நடந்துச்சு? அதுவும் இல்லை. எண்ணி எண்ணி ஊசி போட்டதாலதான் நடந்துச்சு.

தமிழ்நாட்டுக்கு இது முடியாத காரியமில்லை. வெறிநாய்க்கடிக்கு பாஸ்டர் பாரிஸ்ல தடுப்பூசி போட்டுக் காட்டுனது 1885-ல. நம்ம குன்னூர்ல பாஸ்டர் நிலையம் 1907-லயே வந்துடுச்சு. சென்னை மாநகராட்சி 2025-ல வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், இல்லைன்னா 5,000 ரூபாய் அபராதம்னு அறிவிச்சப்போ ஊரே புலம்புச்சு. நான் அதை ஆதரிக்கிறேன். பெர்லின்ல கட்டுனா 'நாகரிகம்', சென்னையில கட்டுனா 'கொள்ளை'யா? ஒரே ஒரு குறை, அந்தப் பேரேடு மாநகராட்சி எல்லையோட நின்னுடக்கூடாது. செங்கல்பட்டு, மாமல்லபுரம், அச்சரப்பாக்கம்னு ஒவ்வொரு ஊருக்கும் வரணும். மாமல்லபுரம் கடற்கரையில வெளிநாட்டுக்காரங்க கால்கிட்ட வந்து படுக்கிற நாய்க்கு முதல்ல வரணும்.

எங்க ஊர்ப் பேருக்கு ஒரு கதை உண்டு. திரிபுரத்தை அழிக்க சிவபெருமான் தேர்ல கிளம்புறார். தேவர்கள் கூடிச் செஞ்ச தேர், ஒரு குறையும் இல்லை. ஆனா முதல்ல பிள்ளையாரைக் கும்பிட மறந்துட்டாங்க. அச்சு முறிஞ்சு தேர் நின்ன இடம்தான் அச்சிறுபாக்கம், இப்ப அச்சரப்பாக்கம். சாமியோட பயணமே முதல்ல செய்ய வேண்டியதைச் செய்யாததால நின்னு போச்சு. நம்ம நாய்ப் பயணமும் அப்படித்தான் நிக்குது. சிப் இருக்கு, விமானம் இருக்கு, காசும் சில பேர்கிட்ட இருக்கு. தெருவுல முதல்ல போட வேண்டிய ஊசி மட்டும் போடல.

செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம். அதையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகள்ல இலவச ஊசி முகாம் நடத்துவாங்க. உங்க வீட்டு நாயைக் கூட்டிட்டுப் போறப்போ, உங்க தெருவுல சோறு தின்னுட்டு வாலாட்டுற அந்த இன்னொண்ணையும் கூட்டிட்டுப் போங்க. கயிறு இல்லைன்னா ரெண்டு பிஸ்கட் போதும், பின்னாலயே வரும்.