களைய வேண்டிய குறியும் காக்க வேண்டிய குறியும்

எழுத்துலகில் மிகச் சிறியவை நிறுத்தக் குறிகள். அவற்றுள்ளும் மேற்கோள் குறி, படிப்போர் கண்ணில் பட்டும் கருத்தில் படாமல் நழுவிவிடும் இயல்புடையது. ஆயினும் ஒருவர் சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு எல்லைக்கல்லாய் நிற்பது அதுவேயாகும்.

கணிப்பொறித் துறையில் புகும் இளைஞர்கள் தொடக்கத்திலேயே கற்கும் சிறு பணிகளுள் ஒன்று, உரைகளில் வேண்டாத மேற்கோள் குறிகளை நீக்குதல். ஒரே ஓர் ஆணையில் முடிந்துவிடும் இப்பணியைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுத என்ன இருக்கிறது எனச் சிலர் வினவக்கூடும். நிரம்ப இருக்கிறது. ‘வேண்டாத குறி எது?’ என்னும் வினா, பொறியைப் பற்றியது அன்று, மொழியைப் பற்றியது. அதற்கு விடை காணாமல் குறிகளைத் துடைப்பது, பிறர் வாய்மொழியைச் சிதைப்பதாகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

மூவகைக் குறிகள்

நிரலில் எழுத்துகளின் தொடரைச் ‘சரம்’ என்று வழங்குவர். 1991-இல் வெளியான பைத்தான் என்னும் நிரல்மொழியை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு சொல்லை மேற்கோள் குறிகளுக்குள் இட்டால், ‘இஃது ஆணையன்று, வெறும் சொல்’ எனப் பொறி உணர்ந்துகொள்ளும். இங்கே குறி, மடலைச் சுற்றிய உறை போன்றது, மடலின் பகுதியன்று. சரங்களைப் பட்டியலாக்கித் திரையில் காட்டச் சொன்னால், பைத்தான் ஒவ்வொன்றையும் குறியிட்டே காட்டும். அதைக் கண்ட புதியவர், சரத்தில் இல்லாத குறியை நீக்க முயன்று இடர்ப்படுவதும் உண்டு. இது முதல் வகை.

இரண்டாவது வகை, கோப்பில் சேமிக்கும்போது இடப்படுவது. செய்திகளைக் காற்புள்ளியால் பிரித்து வரிவரியாய் எழுதிவைக்கும் முறைக்குச் சி.எஸ்.வி. என்று பெயர். செய்திக்குள்ளேயே காற்புள்ளி வருமாயின், பொறி மயங்காதிருக்க அச்செய்தி முழுவதையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைப்பர். செய்திக்குள் மேற்கோள் குறியும் வருமாயின், அதனை இருமுறை எழுதுவர். 2005-இல் வெளியான ஆர்.எப்.சி. 4180 என்னும் ஆவணம் இவ்வழக்கத்தை விதியாக எழுதிவைத்துள்ளது.

மூன்றாவது வகை, எழுதியவரே தம் கருத்தோடு இட்ட குறி. முதலிரண்டு வகையும் பொறியின் வசதிக்கு உரியவை. மூன்றாவது மட்டுமே பொருளுக்கு உரியது. ஆனால், மூன்றும் தோற்றத்தில் ஒன்றே.

ஓர் எடுத்துக்காட்டு

கூட்டக் குறிப்பேடு ஒன்று சி.எஸ்.வி. கோப்பாக்கப்படுகிறது எனக் கொள்வோம். அதில் ஒரு செய்தி இவ்வாறு காணப்படும்:

"""நான் ஒப்பவில்லை"" என்று தலைவர் கூறினார், அவை கலைந்தது"

தொடக்கத்தில் மூன்று, நடுவில் இரண்டு, இறுதியில் ஒன்று என ஆறு குறிகள். விதி அறியாதார் கண்ணுக்கு இது வெறுங்குப்பை. விதி அறிந்தார்க்கோ கணக்குத் தெளிவானது. முதற் குறியும் கடைக் குறியும் உறை. எஞ்சிய நான்கும், இரட்டித்து எழுதப்பெற்ற இரண்டே இரண்டு உண்மைக் குறிகள். ஆகவே களைய வேண்டியவை நான்கு, காக்க வேண்டியவை இரண்டு.

‘ரீப்ளேஸ்’ என்னும் ஆணையால் எல்லாக் குறிகளையும் துடைத்தால் ஆறும் ஒழியும். அதன்பின் அவ்வரியைக் காற்புள்ளியில் பிரித்தால் ஒரு செய்தி இரண்டாக உடையும். ‘ஸ்டிரிப்’ என்னும் ஆணையோ முனைகளில் உள்ள குறிகளை எத்தனை இருப்பினும் உரித்துவிடும். எனவே தொடக்கத்து மூன்றும் போய், நடுவில் இரண்டு குறிகள் துணையின்றி நிற்கும். பைத்தானிலேயே அமைந்துள்ள சி.எஸ்.வி. படிப்பானிடம் அவ்வரியைக் கொடுத்தாலோ, அது விதிப்படி உறையைப் பிரித்து, தலைவரின் கூற்றைக் குறியோடு நம் கையில் தரும்.

இரண்டு குறிகள் போனால் என்ன குடிமுழுகிவிடும் என்பாரும் உளர். குறி நீங்கிய தொடரைப் படித்துப் பாருங்கள்: நான் ஒப்பவில்லை என்று தலைவர் கூறினார். இத்தொடரில் ‘நான்’ யார்? குறி இருந்தபோது ஒப்பாதவர் தலைவர். குறி போனபின், குறிப்பை எழுதியவரே ஒப்பவில்லை எனத் தலைவர் சொன்னதாகவும் பொருள் கொள்ள இடமுண்டு. நேர்கூற்று அயற்கூற்றாய் மயங்கிவிட்டது. ஒருவர் கூறிய மறுப்பு இன்னொருவர் தலையில் ஏறிவிட்டது. ஊர்க் கூட்டத் தீர்மானத்திலோ சாட்சியத்திலோ இம்மயக்கம் நேர்ந்தால் விளைவு எத்தகையது என்பதைப் பெரியோர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

குறியில்லாத காலம்

ஓலைச்சுவடிகளில் மேற்கோள் குறி இருந்ததா? இல்லாமலே தமிழ் வாழவில்லையா? இது தள்ளத்தக்க வினா அன்று. சுவடிகளில் புள்ளிகூடப் பெரும்பாலும் இடப்பெறவில்லை. பிறர் கூற்றைக் காட்டத் தமிழுக்கு ‘என’ என்னும் இடைச்சொல் இருந்தது. தொல்காப்பியர் அச்சொல்லை இடையியலில் வைத்து, அது வரும் ஆறு இடங்களை வகுத்துக் காட்டினார். இன்றைய ‘என்று’ம் அதன் வழியதே.

ஆனால், ‘என்று’ என்பது கூற்று முடியும் இடத்தையே காட்டும். தொடங்கும் இடத்தைக் காட்டாது. தொடக்கத்தை உணர்ந்தவர், ஆசிரியரிடம் பாடம் கேட்ட மாணவர். பொறிக்கு அத்தகைய ஆசிரியர் இல்லை.

எல்லையும் மூலமும் தெளிவாக இல்லாத மேற்கோள் எத்துணைத் துன்பம் தரும் என்பதை உ.வே. சாமிநாதையரின் உழைப்பால் அறியலாம். 1887-இல் அவர் பதிப்பித்த சீவகசிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் மேற்கோள்கள் பலவுண்டு. அவை எந்நூலின் அடிகள் என்பதை உரையாசிரியர் பலவிடத்தும் கூறாமல், ‘என்றார் பிறரும்’ என்ற அளவிலே அமைந்துவிடுவார். அவ்வடிகளின் மூலம் தேடி ஐயர் பட்ட பாட்டினை அவருடைய ‘என் சரித்திரம்’ கூறும். அன்று குறியின்மை காலத்தின் இயல்பு. இன்று இருக்கும் குறியை நாமே அழித்துவிட்டுப் பின்வருவோரை அத்தகைய தேடலுக்கு ஆளாக்குவது அறமாகாது.

செய்யத்தக்கவை

முதலாவது, நீக்குமுன் ‘இக்குறியை இட்டவர் யார்?’ என வினவுதல் வேண்டும். பொறி இட்டதாயின் களையலாம். எழுதியவர் இட்டதாயின் கை வைத்தல் ஆகாது.

இரண்டாவது, கோப்பு எந்த இலக்கணப்படி எழுதப்பெற்றதோ அதே இலக்கணப்படி படித்தல் வேண்டும். அத்தகைய இலக்கணம் இல்லாவிடத்து, இரு முனையிலும் இணையாக நிற்கும் ஒரு குறிச் சோடியை மட்டும் நீக்கலாம். முனையில் ஒன்றை மட்டும் எடுக்கும் ஆணைகள் 2020-இல் வெளியான பைத்தான் 3.9 பதிப்பிலிருந்தே உள்ளன.

மூன்றாவது, குறிகளின் வகையறிதல் வேண்டும். விசைப்பலகையின் நேரான இரட்டைக் குறிக்கு ஆஸ்கி அட்டவணையில் எண் 34. அச்சில் வரும் வளைந்த குறிகளுக்கு யூனிகோடில் எண்கள் 8220, 8221. கண்ணுக்கு உறவினர், பொறிக்கு வேற்றவர். ஒன்றைத் துடைத்துவிட்டு எல்லாம் தூய்மையாயிற்று என மகிழ்தல் பேதைமை.

நான்காவது, மூலக் கோப்பினை அழியாமல் காத்தல். பாடவேறுபாடு குறிக்கும் பதிப்பாசிரியர் சுவடியைத் தீயிலிடுவதில்லை.

இந்நான்கும் தமிழ் பயின்றார்க்குப் புதியவை அல்ல. பதம் பிரித்தலும், கூற்று யாருடையது எனத் துணிதலும், மூலபாடம் காத்தலும் நம் வகுப்பறைப் பாடங்களே. கணிப்பொறித் துறை மாணவர்க்கு இவற்றைத் தமிழ்த்துறையும், தமிழ் மாணவர்க்கு நிரலின் அடிப்படையைக் கணிப்பொறித் துறையும் ஒரு பருவமேனும் கூடிக் கற்பித்தல் நலம் பயக்கும். பிழைப்புக்காகப் பொறியின் முன் அமரும் நம் மாணவர், தம் விரலசைவில் ஒருவருடைய வாய்ச்சொல் மற்றவர் சொல்லாய் மாறிவிடாதபடி காத்தல் வேண்டும். சொல்லை உரியவரிடமே சேர்ப்பித்தல் கற்றோர் கடன்.