வக்கீல் படிப்பும் கொரோனா தந்த பாடமும்

வங்கிக்காரனுக்குச் சட்டக் கல்வியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது ஐயா. ஒவ்வொரு வீட்டுக்கடன் ஃபைலிலும் ஒரு வக்கீல் தரும் லீகல் ஒப்பீனியனை நம்பித்தான் நான் கையெழுத்துப் போடுகிறேன். தாய்ப்பத்திரத்தில் இருக்கும் ஓட்டையை அவர் கவனிக்காமல் விட்டால், தலைவலி எனக்கு.

இன்னொரு காரணம், அக்கா பையன். திருநெல்வேலியிலிருந்து வந்து பெங்களூரில் எங்கள் வீட்டில் தங்கி ஐந்தாண்டு சட்டம் படித்தான். 2020-ல் இரண்டாம் வருஷம். கல்லூரியை மூடியதும் ஊருக்குப் போய், மொட்டை மாடியில் சிக்னல் தேடித் தேடி ஆன்லைன் வகுப்பு கேட்டான்.

உண்மையான கூத்து தேர்வில்தான். இந்திய பார் கவுன்சில் 2020 மே மாதம் ஒரு முடிவு எடுத்தது. கடைசி வருஷத்தவருக்கு ஆன்லைன் தேர்வு. மற்றவர்களைப் பழைய மார்க்கையும் இன்டர்னல் மார்க்கையும் வைத்து அடுத்த வருஷத்துக்கு அனுப்பலாம். ஆனால் கல்லூரி திறந்ததும் விட்டுப்போன தேர்வை எழுதியாக வேண்டும். நவம்பரில் மறுபடியும் ஒரு சுற்றறிக்கை. பையன் மூன்றாம் வருஷப் பாடத்தைக் கேட்டுக்கொண்டே இரண்டாம் வருஷப் புத்தகத்தைப் புரட்டினான். "மாமா, நான் இப்ப எந்த வருஷம்?" என்று போனில் கேட்பான். சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

2021 பிப்ரவரியில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனையை ரத்து செய்தது. ஜூனில், தேர்வை எப்படி நடத்துவது என்பதைப் பல்கலைக்கழகங்களே முடிவு செய்யட்டும் என்று கவுன்சில் விட்டுவிட்டது. இதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு வருஷக் குழப்பம் மிச்சம்!

எங்கள் ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27-லேயே கடன் தவணைக்கு மூன்று மாத அவகாசம் அறிவித்தது. அதிலும் வட்டிக்கு வட்டி என்று வழக்கு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஆபத்து வந்தால் கிளையை எப்படி நடத்துவது என்று எங்களிடம் எழுதி வைத்த திட்டம் இருந்தது.

சட்டக் கல்வியின் 2008 விதிகள் 70 சதவீத வருகை கேட்கின்றன. கொரோனாவுக்குப் பிறகு, 2024 செப்டம்பரில், பயோமெட்ரிக் வருகைப்பதிவும் சிசிடிவியும் வேண்டும் என்றது கவுன்சில். 2025 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றமோ, வருகை குறைவு என்று யாரையும் தேர்வு எழுதவிடாமல் தடுக்கக் கூடாது, விதியை மறுபரிசீலனை செய்யுங்கள் என்றது.

என் கட்சி இதுதான். வருகைப்பதிவு மட்டும் வக்கீலை உருவாக்காது. அதற்காக எல்லாமே ஆன்லைன் என்றால் அதுவும் ஆபத்து. எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்று இப்போதே எழுதி வையுங்கள். கல்லூரி மூடினால் தேர்வு முறையைப் பல்கலைக்கழகம் உடனே முடிவு செய்யட்டும். நீதிமன்றப் பயிற்சி தள்ளிப்போகலாம், ரத்தாகக் கூடாது.

பையன் இப்போது ஜூனியர் வக்கீல். முதல் வில்லங்கச் சான்றிதழை அவன் பார்த்தது எங்கள் சாப்பாட்டு மேஜையில், நான் காட்டித்தான். எல்லாப் பிள்ளைகளுக்கும் வங்கியில் ஒரு மாமா இருப்பாரா?