‘ஹைபிரிட்’ என்று எழுதினால் மட்டும் டீசல் மிச்சமாகிவிடுமா?

லண்டன் சாலைகளில் 2012-ல் ஓடத் தொடங்கிய ‘நியூ ரூட்மாஸ்டர்’ டபுள் டெக்கர்கள், டீசல் எஞ்சினும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் பேருந்துகள். 2015-ல் அவற்றில் பல வண்டிகளின் பேட்டரிகள் பழுதாகி, டீசலை மட்டுமே நம்பி ஓடியது தெரியவந்தது. பெயர் ஹைபிரிட், ஓட்டம் டீசல். அப்படியென்றால், ஒரு கனரக வாகனத்தில் எரிபொருளை உண்மையில் மிச்சம் பிடிப்பது எது?

மிச்சம் எங்கிருந்து வருது?

12 டன் எடையுள்ள பேருந்து மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 0.2 யூனிட். பிரேக் போட்டால் அத்தனையும் சூடாகிக் காற்றில் கலந்துவிடும். மறுபடி அதே வேகத்தைத் தொட ஏறக்குறைய 50 மில்லி டீசல் தேவை. ஒரு நாளில் இப்படி 300 முறை நின்று கிளம்பினால் 15 லிட்டர்! ஹைபிரிட்டில் பிரேக்கை மிதித்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, இதில் ஒரு பகுதியை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது.

முடிவெடுப்பது யார்?

டிரைவர் இல்லை, கன்ட்ரோல் யூனிட். டீசல் எஞ்சின் மிகக் குறைந்த சுமையில் ஓடும்போதுதான், செய்யும் வேலைக்கு அதிகமாக டீசல் குடிக்கும். அதனால் சிக்கனமாக ஓடும் அளவில் எஞ்சினை ஓட்டுவது, மற்ற நேரத்தில் அணைத்துவிடுவது என்பதே இதன் கணக்கு.

பேட்டரி நிர்வாகம் இன்னும் நுணுக்கமானது. மழைக்கு முன்பே ஏரி நிரம்பியிருந்தால் புதுத் தண்ணீர் வீணாகத்தானே போகும்? அதேபோல இறக்கத்துக்கு முன் பேட்டரி நிறைந்திருந்தால், பிரேக்கில் கிடைக்கும் மின்சாரத்தை வைக்க இடமிருக்காது. ஏற்றத்துக்கு முன் காலியாக இருந்தால், மொத்தச் சுமையும் எஞ்சின் தலையில் விழும். அடிக்கடி அடிமட்டம் வரை இறக்கினால் பேட்டரியின் ஆயுளும் குறையும். ஜி.பி.எஸ். மூலம் பாதையை முன்கூட்டியே அறிந்தால் இந்தக் கணக்கு எளிதாகும்.

எல்லா வண்டிக்கும் சரிப்படுமா?

சரிப்படாது. ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓடும் லாரி பிரேக் போடுவதே குறைவு. மீட்க அங்கே பெரிதாக எதுவும் இல்லை. சுரங்கங்களில் ஓடும் ராட்சத டீசல்-எலக்ட்ரிக் டிப்பர்கள் பலவற்றில் மோட்டார் உண்டு, அதை ஓட்டும் அளவுக்குப் பேட்டரி கிடையாது. பிரேக்கில் உருவாகும் மின்சாரம் ரெசிஸ்டர்களில் வெப்பமாகவே வீணாகிறது.

ஆகவே மக்கள் பணத்தில் ஹைபிரிட் பேருந்து வாங்கும் எந்த நகரமும், விளம்பரத்தில் சொல்லும் மைலேஜைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. ஓடப்போகும் அதே ரூட்டில், அதே நெரிசலில் சோதித்துப் பார்க்க வேண்டும். பேட்டரிக்கு எத்தனை வருட வாரண்டி, பழுதானால் யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். வண்டி ஓடுதே என்று விட்டுவிட்டால், பேட்டரி செத்ததே வெளியே தெரியாது. டீசல் பில்லும் புகையும் மட்டும் மக்கள் தலையில் விழும்.