தெருநாய் வானத்திலிருந்து குதிக்கவில்லை!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். நட்பு, நாட்டுப்பற்று, வேலைவாய்ப்பு என்று நல்ல தலைப்புகளை எல்லாம் சீனியர் அண்ணன்கள் எடுத்துக்கொண்டார்கள். "நான் நாய் வளர்ப்பு பத்தி எழுதப் போறேன்" என்றதும் வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர், ராத்திரி சினிமா விட்டு வரும்போது நாய் துரத்தி ஓடியவர்கள்தான்! ஓடி முடித்ததும் எல்லோரும் சொல்கிற வசனம் ஒன்றே: "இந்தத் தெருநாய்ங்கள ஒழிச்சாத்தான்டா நிம்மதி."

சரி, அந்த நாய் தெருவுக்கு எப்படி வந்தது? வானத்திலிருந்து குதித்ததா? இல்லை நண்பர்களே. யாரோ ஒருவர் வீட்டில் பிறந்து, வேண்டாம் என்று விடப்பட்ட குட்டி அது. அல்லது அப்படி விடப்பட்ட குட்டியின் குட்டி. தெருநாய்ப் பிரச்சினை நம் வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது என்பதே என் தாழ்மையான கருத்து.

ஒரு சின்னக் கணக்கு

மேத்ஸ் பேப்பரில் அரியர் வைத்திருப்பவர்களும் போடக்கூடிய கணக்குதான் இது. ஒரு பெண் நாய் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் பருவத்துக்கு வந்துவிடும். பெரும்பாலும் வருஷத்துக்கு இரண்டு முறை பருவம் வரும். சினைக்காலம் சுமார் 63 நாள். ஒரு ஈற்றுக்கு ஐந்து குட்டி என்று வையுங்கள். வருஷத்துக்குப் பத்து. அதில் பாதி செத்துப் போனாலும் மிச்சம் ஐந்து. அந்த ஐந்தில் இரண்டு பெண் என்றால், அடுத்த வருஷம் குட்டி போடுகிற நாய் மூன்று!

எங்கள் கருங்குழியில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். உங்கள் ஊரிலும் இதேதான் நடக்கும். குட்டி போட்டதும் ஆண் குட்டியைக் கேட்டு நாலு பேர் வருவார்கள். "பொட்டைக்குட்டி வேணாம்பா, அப்புறம் அது குட்டி போடும், யாரு பாக்கறது" என்பார்கள். கண் திறந்து பத்து நாள்கூட ஆகாத பொட்டைக்குட்டிகளைச் சாக்குப்பையில் போட்டு ஏரிக்கரையிலோ, ஸ்டேஷன் பக்கமோ, மார்க்கெட் ஓரத்திலோ விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கத் தெரியாமல் பல குட்டிகள் லாரிச் சக்கரத்தில் போகும். தப்பிப் பிழைத்தது அடுத்த வருஷம் தெருநாய். அதைக் கல்லால் அடிப்பதும் நாம், அது கடித்தால் பேரூராட்சியைத் திட்டுவதும் நாம்!

இதற்கு வழி கருத்தடை ஆபரேஷன். "ஆபரேஷன் பண்ணா நாய் காவல் காக்காது, சோம்பேறி ஆயிடும்" என்று எங்கள் ஆயா சொல்லும். அது தவறு. அந்நியரைப் பார்த்துக் குரைப்பதும் வீட்டைக் காப்பதும் போய்விடாது. ஆண் நாய் சண்டைக்கு அலைவது குறையும். பெண் நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடித்துச் சாகிற ஆபத்து போகும்.

சென்னையில் மாநகராட்சி பல காலம் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றது. எண்ணிக்கை குறையவில்லை. புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்குப் பதில் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடலாம் என்று தொடர்ந்து சொல்லி வந்தது. 1990-களின் நடுவில்தான் மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. 2001-ல் மத்திய அரசு அதையே நாடு முழுவதற்கும் விதியாக்கியது. 2023-ல் அந்த விதிகள் புதிதாக எழுதப்பட்டன. விதி இருந்தும் தெருவில் நாய் குறையவில்லையே என்று கேட்கலாம். குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தரையைத் துடைத்தால் தண்ணீர் வற்றுமா? நம் வீட்டுக் குட்டிகள்தான் அந்தத் திறந்த குழாய்.

ஹாஸ்டல் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை

மெஸ்ஸில் மிஞ்சிய சோற்றை நாய்க்குப் போடுகிறோம். பேர் வைக்கிறோம், போட்டோ எடுக்கிறோம். செமஸ்டர் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறோம். அந்த ஒன்றரை மாதம் அந்த நாய் என்ன சாப்பிடும் என்று யாராவது யோசித்தோமா? சோறு போட்ட கையைத் தேடி, பசியோடு வருகிறவர் போகிறவர் பின்னால் எல்லாம் ஓடும். "வெறி புடிச்சிருக்கு" என்று பேர் கட்டி அடிப்பார்கள்.

2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பஸ் நிலையங்கள், ரயில் நிலையங்கள் போன்ற இடங்களில் உள்ள தெருநாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுக் காப்பகத்துக்கு மாற்றும்படி உத்தரவிட்டது. நல்லதா கெட்டதா என்று இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான். இன்று பத்து நாயைப் பிடித்துக்கொண்டு போனாலும், பின்பக்கக் காம்பவுண்ட் ஓரம் நாளைக்கு ஒருவர் சாக்குப்பையை அவிழ்த்தால் மறுபடி பத்து. சோறு போட மனசு இருக்கிறவன் ஊசிக்கும் காசு ஒதுக்கணும். முடிந்தால் ஒரு குட்டியை வீட்டுக்கே எடுத்துப்போய் வளர்க்கணும். இரண்டும் முடியாதென்றால் பேர் வைத்துப் பழக்காமல் இருப்பதே அந்த ஜீவனுக்குச் செய்யும் உதவி.

பெருமைக்கு நாய் வாங்காதீர்!

வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்ததும் சிலருக்கு பைக் ஆசை, சிலருக்கு ஜாதி நாய் ஆசை. நம்ம ஊர் கத்திரி வெயிலில் சைபீரியன் ஹஸ்கி வளர்க்கிறார்கள்! பனியில் வண்டி இழுக்கப் பிறந்த நாய் அது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். அந்தத் தடித்த ரோமத்தோடு அது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுப் பெண் குழந்தையை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறியதைப் படித்திருப்பீர்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மத்திய அரசு 23 வகை நாய்களைத் தடை செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பட்டியல் போடுவது சுலபம். ஆனால் பெரிய நாயை வாங்கி, சங்கிலியிலேயே கட்டிப்போட்டு, மனிதர் முகம் காட்டாமல் வளர்த்து, ஒரு நாள் அவிழ்த்து விட்டால் எந்த ஜாதி நாயும் ஆபத்துதான். குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை உலகத்தைப் பழகும் பருவம். அப்போது குழந்தைகள், சைக்கிள், மற்ற நாய்கள், விருந்தாளி என்று எல்லாவற்றையும் பயமில்லாமல் பார்த்த குட்டி, வளர்ந்த பின் கண்டதற்கெல்லாம் மிரளாது. மிரண்ட நாய்தான் பெரும்பாலும் கடிக்கிற நாய்.

"அப்போ நம்ம ராஜபாளையம் வாங்கலாமா?" என்பீர்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி எல்லாம் நம் தமிழ்நாட்டின் சொத்து. 2005-ல் தபால் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலை நான்கில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய் வளர்க்கச் சொன்னபோது இவற்றின் பேரைச் சொன்னார். 1972 வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டை நின்றதும் வேட்டை நாய்களின் தேவை குறைந்தது. எண்ணிக்கையும் குறைந்தது. அவற்றைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் எப்படிக் காக்கிறோம்? ராஜபாளையம் என்றால் பால் வெள்ளையாக, மூக்கு ரோஸ் நிறமாக இருந்தால்தான் விலை. அதனால் வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்து, அண்ணன் தங்கை என்றுகூடப் பார்க்காமல் குட்டி எடுக்கிறார்கள். அதன் பலன், பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள். தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் கொடுக்கும் அணுக்கள் உள்காதுக்கும் தேவை. அவை இல்லாவிட்டால் செவிட்டுத்தன்மை வர வாய்ப்பு அதிகம். வெளிநாட்டு டால்மேஷியன் நாய்க்கும் இதே குறை உண்டு. காது கேட்காத நாய் கூப்பிட்டால் திரும்பாது, பின்னால் தொட்டால் பதறிக் கடிக்கும். "திமிர் புடிச்ச நாய்" என்று அடி வாங்கும், அல்லது ரோட்டுக்கு வரும்.

அரசாங்கமே நடத்தினாலும் பொறுப்பு இல்லையென்றால் இதே கதைதான். நாட்டு நாய்களைக் காக்கச் சென்னை சைதாப்பேட்டையில் அரசு ஒரு நாய் இனப்பெருக்க நிலையம் நடத்தியது. அங்கே நாய்களின் நிலைமை மோசம் என்று வழக்கு போய், 2016-ல் உயர் நீதிமன்றம் அதை மூடச் சொன்னது.

2017-ல் நாய் இனப்பெருக்கத்துக்கென்று மத்திய அரசு தனி விதிகள் கொண்டு வந்தது. குட்டி எடுத்து விற்பவர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். தாய் நாய்க்கு 18 மாதம் முடிந்திருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. குட்டி வாங்கப் போகும் நண்பர்களே, "தாயைக் காட்டுங்க, பதிவு நம்பர் என்ன, ஊசி போட்ட அட்டை எங்கே?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். நாம் வாங்காவிட்டால் அவர் விற்க மாட்டார்.

நாய் பேசும், நாம் கேட்கணும்

வாலை ஆட்டினால் எல்லா நாயும் பாசமாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. உடம்பு தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து வால் ஆடினால் சந்தோஷம். உடம்பு விறைத்து, வால் மேலே நின்று லேசாக ஆடினால், "கிட்ட வராதே" என்று அர்த்தம். சாப்பிடுகிற நாய், குட்டியோடு படுத்திருக்கிற நாய், தூங்குகிற நாய் இவற்றைத் தொடக் கூடாது. துரத்தினால் ஓடாதீர்கள், ஓடுவதைத் துரத்துவது அதன் பிறவிக் குணம். கையை ஒட்டி வைத்து, கண்ணோடு கண் பார்க்காமல் நின்றால், பெரும்பாலும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

அடித்துப் பழக்கினால்தான் நாய் சொன்னபடி கேட்கும் என்பது பழைய எண்ணம். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ், மணி அடித்துச் சோறு வைத்துப் பழக்கினால் பிறகு மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டினார். நல்லது செய்த அந்த நொடியிலேயே ஒரு பிஸ்கட் துண்டோ தட்டிக்கொடுப்போ கிடைத்தால் நாய் அதைப் பிடித்துக்கொள்ளும். அரை மணி கழித்து அடித்தால் எதற்கு அடி என்றே அதற்குத் தெரியாது. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். வாலை விடுங்கள், வளர்க்கிறவர் பழக்கத்தை நிமிர்த்துவோம்!

பிரியாணியில் மிஞ்சிய கோழி எலும்பைப் போடாதீர்கள், வெந்த எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் நாய்க்கு விஷம். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

நாலாவது ஊசி

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் பெரியம்மா பையனை, வீட்டில் வளர்த்த குட்டியே குதிகாலில் கடித்தது. "குட்டி நாய் கடிச்சா என்ன ஆவப்போவுது" என்று ஆயா சுண்ணாம்பு தடவப் பார்த்தது. நானும் அம்மாவும் குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் அந்த அட்டையைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மூன்று ஊசி ஆனதும் பெரியப்பா, "புண்ணுதான் ஆறிப்போச்சே, இன்னொரு ஊசிக்கு ஒரு நாள் கூலி போவணுமா?" என்றார். அவர் மீது தப்பில்லை, அந்த ஒரு நாள் கூலி எங்கள் வீட்டில் அரிசி. ஆனால் ரேபிஸ் புண்ணில் இருப்பதில்லை, நரம்பு வழியாக மூளைக்கு ஏறுவது என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அறிகுறி தெரிய ஒன்றிரண்டு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். தெரிந்துவிட்டால் மருந்தே இல்லை, மரணம்தான். இதைச் சொன்னதும் பெரியப்பா பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நாலாவது ஊசியும் போட்டாயிற்று.

1885-ல் லூயி பாஸ்டர் முதல் தடுப்பூசி போட்டார். இத்தனை வருஷம் கழித்தும் நம் நாட்டில் ஏழைகள் இந்த நோயில் சாகிறார்கள். மனிதருக்கு வரும் ரேபிஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயால் வருவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நூற்றுக்கு எழுபது நாய்க்குத் தடுப்பூசி போட்டாலே நோய் பரவுவது நின்றுவிடுமாம். நாம் படிக்கிற பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ் பாடம் இதுதானே! மெஷின் நின்ற பிறகு ஸ்பேனர் எடுப்பவன் நல்ல டெக்னீஷியன் இல்லை. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் பூஸ்டர், அப்புறம் வருஷம் தவறாமல் ஒன்று. பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கயிற்றில் கட்டிக் கூட்டிப்போக ஒரு காலைப் பொழுது போதும்.

நம்மால் முடியும்!

மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் விளையாட்டு விழா நடத்துகிறோம், ரத்ததான முகாம் நடத்துகிறோம். செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம். அன்று கால்நடை டாக்டரை அழைத்து, சுற்றியுள்ள கிராமங்களின் வீட்டு நாய்களுக்கு ஒரு தடுப்பூசி முகாம் நடத்துவோம். கருத்தடைக்குப் பேர் எழுதி வாங்குவோம்.

நண்பர்களே, ஒரு நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழும். நம் டிப்ளமா மூன்று வருஷம்தான். குட்டியைத் தூக்குமுன் அந்தப் பன்னிரண்டு வருஷத்தை எண்ணிப் பாருங்கள். முடியும் என்றால் வளருங்கள், ஊசி போடுங்கள், கருத்தடை செய்யுங்கள். நம்மில் பலர் வீட்டில் ஆஸ்பத்திரி அட்டையைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நாம்தான். நாம் சொன்னால் வீடு கேட்கும், வீடு கேட்டால் தெரு மாறும்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் மாணவன், கருங்குழி